ஐந்து கிலோவாட் ஊர்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் எக் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே ஒரு வீட்டுக்கு 5 கிலோவாட்தான் கரண்ட். கடை, விடுதி மாதிரி தொழில் நடத்துகிறவர்களுக்கு 10 கிலோவாட். ஒரே நேரத்தில் அதற்கு மேல் இழுத்தால் அந்த இணைப்பு மட்டும் தானாகத் துண்டித்துக்கொள்ளும். திரும்பப் போட்டுத்தர தீவின் பராமரிப்புக் குழுவிலிருந்து ஒருவர் வரவேண்டும். வந்தால் கட்டணம் உண்டு. ஆரம்ப காலத்தில் 20 பவுண்டு வாங்கியிருக்கிறார்கள். பெரிய வீடு, சின்ன வீடு, பழைய குடி, புதுசாக வந்த குடி என்ற பேச்சே கிடையாது. எல்லாருக்கும் அதே 5.

அரசாங்கம் போட்ட உத்தரவு இல்லை இது. ஊர்க்காரர்கள் கூடிப் பேசித் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட வரம்பு.

மின்வாரியத்தில் செக்‌ஷன் ஆபீஸ் உத்தியோகம் பார்த்தே தலை நரைத்தவன் நான். தேனிப் பக்கம், மலையடிவார ஊர்கள். "சார், எங்க தெருவுக்கு மட்டும் வோல்டேஜே வரல" என்று வருகிறவரிடம், "உங்க தெருவில் இந்த வருஷம் எத்தனை ஏசி மாட்டியிருக்காங்க?" என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். அட்டையில் அனுமதி வாங்கின லோடு ஒரு கிலோவாட் என்று இருக்கும். வீட்டுக்குள் ஓடுவது நாலு. 63 கேவிஏ (டிரான்ஸ்பார்மரின் கொள்ளளவை இப்படித்தான் சொல்வோம்) டிரான்ஸ்பார்மரைத் தூக்கிவிட்டு 100 வைப்போம். கொஞ்ச நாள் கழித்து அதே கூட்டம் மறுபடி ஆபீஸ் வாசலில் நிற்கும். இப்படியே ஓய்வு பெற்றுவிட்ட ஆளிடம், ஓர் ஊரே சேர்ந்து "எங்களுக்கு இவ்வளவு போதும்" என்று முடிவெடுத்ததாகச் சொன்னால் எப்படி நம்புவான்?

மகள் கிளாஸ்கோவில் இருக்கிறாள். பேரனைப் பார்க்கப் போயிருந்தோம். "அப்பா, உங்களை அரண்மனை, மியூசியம் என்று கூட்டிக்கொண்டு போனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள், இங்கே போய் வாங்க" என்று அவளே டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். கரண்ட் பார்க்கக் கடல் தாண்டிப் போகிறவர் உலகத்திலேயே நீங்கள் ஒருத்தர்தான் என்றாள் வீட்டுக்காரி. ஆனால் கூடவே வந்தாள்.

கிளாஸ்கோவிலிருந்து மாலேக் துறைமுகத்துக்கு ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஏரியும் மலையுமாக வழி முழுக்க அழகு, அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மாலேக்கிலிருந்து கப்பல். வெளியூர்க்காரர்கள் காரை ஏற்றிக்கொண்டு போக முடியாது, நடைதான். தீவு 9 கிலோமீட்டர் நீளம், 5 கிலோமீட்டர் அகலம். ஆன் ஸ்கூர் என்ற கரும்பாறை முகடு 393 மீட்டர் உயரத்தில் தீவுக்கு மேலே நிற்கிறது. மக்கள் தொகை சுமார் 110. எங்கள் பக்கம் ஒரு சின்னத் தெருவிலேயே இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

2008 பிப்ரவரி 1 வரைக்கும் இந்தத் தீவில் பொதுவான மின்சாரம் என்று ஒன்று இருந்ததே இல்லை. வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர். ஓடைப் பக்கம் இருந்த ஒரு சிலர் மட்டும் சின்னதாக நீர்மின் செட் வைத்திருந்தார்கள். ஜெனரேட்டர் வைத்து வாழ்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். முழு லோடில் ஓடினால்தான் அது லாபம். ராத்திரி ஒரு பல்பும் ஒரு பிரிட்ஜும் ஓடுவதற்காக 5 கேவிஏ செட்டை ஓட்டினால், டீசல் பெரும்பாலும் இன்ஜின் சுற்றுவதற்கே போகும். போதாததற்கு உள்ளே கரி பிடித்து இன்ஜினும் சீக்கிரம் கெடும். ஆகவே யாரும் நாள் முழுக்க ஓட்டுவதில்லை. சாயங்காலம் சில மணி நேரம், அப்புறம் நிறுத்திவிட்டுப் படுக்கவேண்டியது.

டீசலும் சும்மா வந்துவிடாது. 2004-ல் பெரிய துறை கட்டும் வரையில் கப்பல் கரையை ஒட்டி நிற்கவே முடியாது. சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் ஆட்டையும் அரிசி மூட்டையையும் சின்னப் படகில் இறக்கிக் கரை சேர்ப்பார்கள். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. இந்த வழியில்தான் எரிபொருளும் வந்திருக்கிறது. ஒரு யூனிட் கரண்டுக்கு எவ்வளவு பாடு என்பது அங்கே ஒவ்வொருவருடைய முதுகுக்கும் தெரியும். இந்த 5 கிலோவாட் கதையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சுவிட்சைத் தட்டினால் வருவது என்று பழகிய ஊரில் போய் வரம்பு பேசினால் சண்டை வரும். டிரம் உருட்டிய ஊரில் பேசினால் கணக்கு வரும்.

சரி, கடலுக்கடியில் கேபிள் போட்டுப் பெருநிலத்து கிரிட்டோடு, அதாவது பொது மின்வலையோடு, சேர்த்திருக்கலாமே என்று எந்த ஈ.பி. ஆளும் கேட்பான். கணக்குப் பார்த்திருக்கிறார்கள். 40 முதல் 50 லட்சம் பவுண்டு வரை ஆகும் என்று வந்திருக்கிறது. அப்போது நூறு பேர்கூட இல்லாத தீவுக்கு அந்தப் பணத்தை யாரும் போடமாட்டார்கள்.

அதற்கும் முன்னால் இன்னொரு முடிச்சு இருந்தது. தீவு முழுக்க ஒரே தனியாரின் சொத்து. உரிமையாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், குடியிருப்பவர்கள் குத்தகைக்காரர்கள். நாளைக்கு இந்த வீட்டில் இருப்போமா என்பதே நிச்சயமில்லாதவன் வாசலில் மின்கம்பத்துக்குக் குழி வெட்டுவானா? 1997 ஜூன் 12-ஆம் தேதி தீவையே விலைக்கு வாங்கினார்கள். விலை ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டு. ஆயிரக்கணக்கானவர்கள் அனுப்பிய சிறு தொகைகள், பெயரை வெளியிட விரும்பாத ஒருவர் கொடுத்த பெரும் தொகை எல்லாம் சேர்ந்து அது முடிந்தது. தீவு மக்கள், ஹைலேண்ட் கவுன்சில், ஸ்காட்டிஷ் வனவிலங்கு அறக்கட்டளை மூவரும் சேர்ந்த ஓர் அறக்கட்டளையின் பெயரில் பட்டா மாறியது. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் அறுபத்துச் சொச்சம் பேர்.

நிலம் கைக்கு வந்து பதினொரு வருடம் கழித்துத்தான் கரண்ட் வந்தது. நடுவில் கடை, டீக்கடை, துறை, வீடுகள் பழுது பார்ப்பது என்று வேலைகள். இந்த இடைவெளியை நான் தாமதமாகப் பார்க்கவில்லை. எங்கே எவ்வளவு தண்ணீர் வருகிறது, எந்த வீட்டில் என்ன ஓடுகிறது, யாருக்கு எவ்வளவு தேவை என்று உட்கார்ந்து பேச அவர்களுக்கு நேரம் கிடைத்தது. நம் ஊரில் எஸ்டிமேட் முதலில் வரும், பேச்சு அப்புறம் வரும்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. படிக்கிறவர்களில் நம் துறை ஆட்கள் யாராவது இருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

தீவின் மேற்கில் லெய்க் என்ற இடத்தில் 100 கிலோவாட் நீர்மின் நிலையம். கிழக்குப் பக்கம் இரண்டு பொடி நீர்மின் செட்கள், ஒவ்வொன்றும் 5 கிலோவாட் அளவில். ஆன் ஸ்கூர் பாறைக்குக் கீழே நாலு காற்றாலைகள், தலா 6 கிலோவாட். அப்புறம் சூரிய பேனல். 10 கிலோவாட்டில் தொடங்கிப் படிப்படியாக 50 வரை கொண்டுவந்திருக்கிறார்கள். எல்லாம் சேர்த்து 184 கிலோவாட். நம் கணக்கில் சொன்னால் 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் இரண்டு. அவ்வளவுதான் மொத்த ஊருக்கும். இவற்றை இணைக்க 11 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமிக்கடியில் கேபிள் புதைத்திருக்கிறார்கள். அட்லாண்டிக் காற்றில் கம்பத்தையும் லைனையும் நட்டுவைத்தால் குளிர்காலம் முழுக்க அறுந்த ஜம்பர் கம்பியைக் கட்டிக்கொண்டேதான் இருக்கவேண்டும். புதைத்தது புத்திசாலித்தனம். இதற்கெல்லாம் பக்கபலமாக ஒரு பெரிய பேட்டரி வங்கி. எதுவும் கைகொடுக்காத நாளுக்கு இரண்டு டீசல் செட். வருடத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர், காற்று, வெயில் மூன்றுமே பார்த்துக்கொள்கின்றன.

பெரியாறு தண்ணீர் லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதைப் பார்த்த கண்ணுக்கு லெய்க் நிலையம் மோட்டார் ரூம் மாதிரி இருந்தது. ஆனால் மூன்றையும் கோர்த்த விதத்தில் யோசனை இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே மழையும் காற்றும் அடித்து ஊற்றும், சூரியன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மே, ஜூனில் ஓடை வற்றும், காற்று ஓயும், ஆனால் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஓடை வற்றும் மாதங்களுக்குத்தான் சூரிய பேனலைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒன்று படுத்தால் இன்னொன்று எழுந்து நிற்கும்.

பேட்டரி நிரம்பிவிட்டால் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே கை தட்டத் தோன்றியது. தனி கிரிட்டில் உற்பத்தியும் செலவும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருந்தாகவேண்டும். உற்பத்தி மிஞ்சினால் பிரீக்வென்சி (கரண்ட் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு, 50 இருக்கவேண்டும்) ஏறும், குறைந்தால் இறங்கும். நம் தென் மண்டல கிரிட் 2013 டிசம்பர் 31 வரை தனியாக ஓடிக்கொண்டிருந்தபோது, பிரீக்வென்சி மீட்டர் முள் 50-க்குக் கீழே தொங்குவதைப் பார்த்துப் பார்த்து வயிறு கலங்கிய தலைமுறை எங்களுடையது. எக் தீவில் அந்த ஏற்ற இறக்கத்தையே ஒரு செய்தியாகப் பயன்படுத்துகிறார்கள். பேட்டரி நிரம்பியதும் இன்வெர்ட்டர்கள் பிரீக்வென்சியைச் சற்று உயர்த்திவிடும். அதைப் பார்த்ததும் மற்ற உற்பத்திக் கருவிகள் தாமாகக் குறைந்துகொள்ளும். அதற்கு முன்பாக, ஊர்ச் சமுதாயக் கூடத்திலும் தேவாலயங்களிலும் துறையில் இருக்கும் காத்திருப்பு அறையிலும் மாட்டியிருக்கும் ஹீட்டர்கள் தாமாக ஓட ஆரம்பிக்கும். தனியாகக் கம்பி இழுக்கவேண்டாம், போன் போடவேண்டாம், ஆள் போய் சுவிட்ச் போடவேண்டாம். மிஞ்சின கரண்ட் பொது இடத்துக்கு வெதுவெதுப்பாகப் போய்ச் சேருகிறது. யார் வீட்டுக்கு உபரி என்ற வழக்கே எழவில்லை பாருங்கள்.

வரம்புக் கணக்குக்கு வருகிறேன். 230 வோல்ட்டில் 5 கிலோவாட் என்றால் ஏறக்குறைய 22 ஆம்பியர். அந்த ஊர் மின்சாரக் கெட்டில் 3 கிலோவாட் இழுக்கும். துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரைச் சூடாக்கும்போது 2 கிலோவாட். இரண்டும் சேர்ந்து ஓடலாம், அதோடு வரம்பு முடிந்தது. கெட்டில் கொதிக்கும்வரை டோஸ்டர் பொறுத்திருக்கவேண்டும். ஐம்பது வீடு என்று வைத்துக்கொண்டால் ஐந்தைம்பது இருநூற்றைம்பது கிலோவாட். இருப்பதோ 184 என்று ஒரு கேள்வி வரும். எல்லா வீட்டிலும் ஒரே நிமிடத்தில் கெட்டிலும் துவைக்கும் இயந்திரமும் ஓடாது. உண்மையான உச்ச லோடு அதில் ஒரு பகுதிதான். ஆனால் ஒரு வீட்டுக்கு உச்சவரம்பு இல்லை என்றால் இந்தக் கணக்கே போடமுடியாது. யாராவது ஒருவர் 12 கிலோவாட் ஷவர் மாட்டுவார், அதைப் பார்த்து நாலு பேர் மாட்டுவார்கள், அப்புறம் ஊருக்கே இன்னொரு டீசல் செட் வாங்கவேண்டியிருக்கும். இயந்திரங்களின் அளவை இந்த வரம்புதான் சின்னதாக வைத்திருக்கிறது. கட்டுப்படியாகிற செலவில் முடிந்ததும் அதனால்தான். எங்கள் சர்வீஸில் நாங்கள் தலைகீழாக நின்று பார்த்தோம்: முதலில் மிஷினைப் பெரிசாக்கு, பிறகு ஜனங்களிடம் சிக்கனம் பேசு.

நாங்கள் தங்கிய வீட்டில் சமையலறைச் சுவரில் சின்னதாக ஒரு திரை. அந்த நிமிடத்தில் எவ்வளவு வாட் ஓடுகிறது என்று காட்டும், வரம்பை நெருங்கினால் கூவும். என் வீட்டுக்காரி ஊரிலிருந்து எலக்ட்ரிக் குக்கர் எடுத்து வந்திருந்தாள். ரொட்டியும் உருளைக்கிழங்குமாக எத்தனை நேரம்தான் சாப்பிடுவது. பிளக்கைச் சொருகப் போனவளிடம், "இரு, லோடு பார்க்கிறேன்" என்றேன். திரையில் 2,300 வாட். வீட்டுக்கார அம்மா துணி போட்டிருந்தார். குக்கர் 700. "மூவாயிரம். போடலாம், ஆனா நீ சாதம் வடிக்கிற வரைக்கும் அந்தம்மா டீ போடக்கூடாது" என்றேன். "ரிட்டையர் ஆகியும் புத்தி போகல" என்று சொல்லிவிட்டுத்தான் சொருகினாள். அந்த அம்மாவோ எங்கள் பேச்சு மொழி புரியாமலே, நான் திரையைக் காட்டுவதைப் பார்த்துச் சிரித்தபடி கெட்டிலைத் தள்ளி வைத்தார். அந்த வீட்டுக் குழந்தைகள்கூட அந்தத் திரையைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் போடும் போலிருக்கிறது.

தண்ணீரும் காற்றும் குறைந்த நாட்களில் ஊருக்கே சிவப்பு அறிவிப்பு கொடுத்துவிடுகிறார்கள். அவசியமில்லாததை ஓட்டாதீர்கள் என்று பொருள். நிறைய இருக்கும்போது பச்சை. சிக்னல் விளக்கு முறை என்கிறார்கள். கட்டாயம் எதுவும் இல்லை, ஆனால் கேட்கிறார்கள். சிவப்பு நாளில் டீசல் ஓடினால் அந்தக் காசு யார் தலையில் விழும் என்று எல்லாருக்கும் தெரியும்.

மீட்டர் எல்லாம் முன்பணம் கட்டுகிற வகை. அட்டை வாங்கி ஏற்றிக்கொள்ளவேண்டும். இதை நான் ரொம்ப யோசித்தேன். பில் கட்டாதவர் வீட்டில் பீஸைப் பிடுங்குவதுதான் எங்கள் உத்தியோகத்திலேயே வெறுப்பான வேலை. வயர்மேன் ஏணியோடு போய் நிற்பார். உள்ளே குழந்தை படித்துக்கொண்டிருக்கும். அதே ஊர்க்காரராக இருந்தால் இன்னும் சங்கடம். 110 பேர் இருக்கும் தீவில், பராமரிப்புக் குழு ஆளே பக்கத்து வீட்டுக்காரர். அவர் போய் இவர் கரண்டைப் பிடுங்கினால் அப்புறம் அந்த ஊரில் கல்யாணமும் நடக்காது, இழவும் நடக்காது. முன்பண மீட்டர், தானாகத் துண்டிக்கும் கருவி என்று இரண்டையும் வைத்து, மனிதன் மனிதனிடம் கறாராக நிற்கவேண்டிய இடத்தையெல்லாம் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். மனிதர்களுக்கு ரிப்பேர் வேலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் குழு முழுக்கத் தீவுக்காரர்கள்தான். பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள். பகுதி நேர வேலை. ஒருத்தர் ஆடு வளர்ப்பார், இன்னொருத்தர் வேறு வேலை பார்ப்பார், கோளாறு என்றால் டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். கம்பெனி ஆள் கப்பல் ஏறி வரும்வரை காத்திருந்தால் சரிப்படுமா? எக் எலக்ட்ரிக் என்ற நிறுவனமும் அறக்கட்டளையின் பிள்ளைதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் உடனே ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஓடவேண்டாம். காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மொத்தச் செலவு சுமார் 16.6 லட்சம் பவுண்டு. 2008 மாற்று விலையில் ஏறக்குறைய 13 கோடி ரூபாய். தலைக்குப் பிரித்தால் பத்து லட்சத்துக்கு மேல் வருகிறது. இதில் பெரும் பங்கு ஐரோப்பிய வளர்ச்சி நிதியிலிருந்து வந்தது, லாட்டரி நிதியும் மற்ற மானியங்களும் சேர்ந்தன, மக்கள் இணைப்புக் கட்டணம் கட்டினார்கள். தங்கள் கைக்காசில் மட்டும் செய்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2010-ல் பிரிட்டன் அளவில் நடந்த ஒரு பசுமைப் போட்டியில் 3 லட்சம் பவுண்டு பரிசும் கிடைத்தது. இன்னொன்று, குளிர் காய்வதற்கு அங்கே இன்னும் விறகும் நிலக்கரியும் கேஸ் சிலிண்டரும்தான் நிறைய வீடுகளில். வீட்டைச் சூடாக்குவதையும் காரையும் இந்த 5 கிலோவாட்டுக்குள் கொண்டுவரப் பார்த்தால் வரம்பு இடிக்கும். அது அவர்கள் அடுத்துப் பேசித் தீர்க்கவேண்டிய கணக்கு.

பேட்டரியும் அப்படித்தான். ஈய அமில பேட்டரிக்குப் பத்து, பன்னிரண்டு வருடம்தான் ஆயுள். என்ன தாங்கினாலும் மாற்றியே ஆகவேண்டிய சாமான். கட்டண வருமானத்திலும், பசுமை மின்சாரத்துக்கு அரசு தரும் ஊக்கத்தொகையிலும் இதற்கென்று ஒதுக்கி வைத்தால்தான் முடியும். மானியத்தில் நட்டுவிட்டு, பேட்டரி செத்ததும் கைகழுவிய சோலார் தெருவிளக்குகள் நம் பக்கம் எத்தனை நிற்கின்றன என்று ஒரு சாயங்காலம் நடந்துபோய் எண்ணிப் பாருங்கள்.

மாலேக்கிலிருந்து எதிர்த்திசையில் அரை மணி நேரப் படகுப் பயணத்தில் நாய்டார்ட் இருக்கிறது. பெருநிலத்தில் இருந்தாலும் சாலை கிடையாது, தேசிய கிரிட்டும் கிடையாது. 1970-களின் இறுதியில் அப்போதைய பண்ணை உரிமையாளர் காலத்தில் கட்டிய 280 கிலோவாட் நீர்மின் நிலையம்தான் அந்த ஊருக்கு. 1999-ல் அவர்களும் தங்கள் நிலத்தை வாங்கினார்கள்; நிலத்தோடு கூடவே அந்தப் பழைய பவர் ஹவுஸும் கைக்கு வந்தது. எக் தீவுக்காரர்கள் வெறும் தரையில் புதிதாகக் கட்டினார்கள். நாய்டார்ட்டுக்காரர்களோ ஓட்டை ஒடிசலாக வந்ததை ஓட்டிக்கொண்டே பழுது பார்க்கவேண்டியிருந்தது. என்னைக் கேட்டால் இரண்டாவது வேலைதான் கஷ்டம். புது வீடு கட்டுகிறவனுக்கு மேஸ்திரி கிடைப்பான், குடியிருந்துகொண்டே கூரை மாற்றுகிறவன் மழையைப் பார்த்துக்கொண்டே தூங்கவேண்டும்.

நம் ஊரிலும் உதாரணம் இல்லாமல் இல்லை. மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி 2006-லேயே 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. ஊராட்சியின் சேமிப்பு கொஞ்சம், மிச்சம் பாங்க் கடன். காற்றாலை நிற்பது ஊரில் இல்லை, உடுமலைப் பக்கம் மைவாடியில். உற்பத்தியை கிரிட்டில் கொடுத்துவிட்டு, ஊராட்சி பயன்படுத்துவதைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தை விற்றார்கள். நல்ல நிர்வாகம், சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே கிரிட் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது; காற்று நின்றாலும் லைட் எரியும். ஆகவே வீட்டுக்கு இவ்வளவு என்று பேசவேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை. எக் தீவுக்கு முதுகில் சாய ஒன்றும் இல்லை.

கிளாஸ்கோ திரும்பியதும் எங்கள் பழைய ஃபோர்மேனுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவருக்கு நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று தெரியும்.

"சரி சார், நம்ம கிழக்குத் தெரு டிரான்ஸ்பார்மருக்கு என்ன வரும்?" என்றார்.

அங்கே 100 கேவிஏ. எண்பது வீடு. பவர் ஃபேக்டர் கழித்தால், அதாவது வேலைக்கு ஆகாத பங்கை விட்டுவிட்டால், 85 கிலோவாட். நேராகப் பிரித்தால் வீட்டுக்கு ஒன்று. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்கமாட்டார்கள் என்று வைத்து, "தாராளமா ரெண்டு கிலோவாட் கொடுக்கலாம்யா" என்றேன்.

"ரெண்டுன்னா ஏசி போடமுடியாதே சார், அடிக்க வருவாங்க."

"ஏசி போடலாம். அது ஓடுறப்ப தண்ணி மோட்டார் போடக்கூடாது. அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அதை யார் சார் போய் சொல்றது? நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க, எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு" என்றார்.